பேக்கப் சர்வரைப் புது இயந்திரத்துக்கு மாற்றுவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

"புது சர்வர் வந்துடுச்சு, பேக்கப்பை அதுக்கு மாத்திடு" என்று மேலாளர் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒருவர் தலையில்தான் பெரும்பாலும் இந்த வேலை விழும். கோப்புகளை அங்கிருந்து இங்கே நகலெடுப்பதுதானே என்று தோன்றும். நகலெடுப்பது இதில் ஒரு பகுதி மட்டுமே. புது சர்வரிலிருந்து ஒரு இயந்திரத்தையாவது முழுதாக மீட்டெடுத்துப் பார்க்கும்வரை இந்த வேலை முடிந்ததாகக் கணக்கில்லை. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த ஒரு ரெஸ்டோரை நோக்கித்தான் போகின்றன.

நான் நன்றாகப் பழகிய அமைப்பையே எடுத்துக்கொள்கிறேன்: லினக்ஸ் சர்வர், இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை, அதன்மேல் போர்க் என்ற பேக்கப் மென்பொருளின் ரெப்போக்கள் (பேக்கப்புகளைச் சேர்த்து வைக்கும் கிடங்குகள்). பேக்கப் போட வரும் ஒவ்வொரு இயந்திரமும், அதாவது கிளையண்டும், இரவில் கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் வசதி) மூலம் எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாக வந்து தன் பேக்கப்பைப் போட்டுவிட்டுப் போகும். நீங்கள் வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் வரிசை ஏறக்குறைய இதுதான்.

முதலில் ஒரு பட்டியல்

எந்தெந்த இயந்திரம் இங்கே பேக்கப் போடுகிறது என்று பழைய சர்வரின் எஸ்எஸ்எச் லாகை (இணைப்புப் பதிவேட்டை) பார்த்து எழுதுங்கள். யாரையாவது கேட்டு எழுதினால் இரண்டு மூன்று விட்டுப்போகும். லாகையும் குறைந்தது 35 நாளுக்குப் பாருங்கள். மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் வேலைகள் உண்டு. சம்பளக் கணக்கு, வரிக் கணக்கு போன்றவை அப்படித்தான் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த நேரத்தில் ஓடுகிறது, எந்தப் பயனர் பெயரில் வருகிறது, ரெப்போ எந்தப் பாதையில் இருக்கிறது, எத்தனை நாள் பேக்கப்பை வைத்திருக்கிறோம் என்று குறியுங்கள்.

அப்புறம் அந்தந்தத் துறைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "எவ்வளவு நேரத்து வேலை போனால் தாங்குவீர்கள்?" "எவ்வளவு நேரத்துக்குள் திரும்ப வேண்டும்?" முதல் கேள்விக்கு ஆர்பிஓ என்றும் இரண்டாவதுக்கு ஆர்டிஓ என்றும் பெயர். பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். பிற்பாடு இரண்டாவது சர்வர் வேண்டுமா, எப்படிப்பட்டது வேண்டும் என்று முடிவெடுக்கும்போது இந்தப் பதில்கள்தான் துணைக்கு வரும்.

சாவி எங்கே?

மறையாக்கம் செய்த பேக்கப்பில் சாவி போனால் எல்லாம் போச்சு. போர்க்கில் சாவி இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்றில் சாவி ரெப்போவுக்குள்ளேயே இருக்கும், திறக்க பாஸ்ஃப்ரேஸ் (நீளமான கடவுச்சொல்) வேண்டும். இன்னொன்றில் சாவிக் கோப்பு கிளையண்ட் இயந்திரத்தின் ஹோம் அடைவுக்குள் இருக்கும். இந்த இரண்டாவது வகையில் கிளையண்டின் டிஸ்க் செத்துப்போனால் சாவியும் அதோடு போய்விடும். பேக்கப் சர்வரில் எல்லா பைட்டும் பத்திரமாக இருந்தும் ஒன்றையும் திறக்க முடியாது. இடம் மாற்றும் இந்த நேரத்தில் ஒவ்வொரு ரெப்போவின் சாவியையும் ஏற்றுமதி செய்துவிடுங்கள். போர்க்கிலேயே தாளில் அச்சிடுவதற்கென்று ஒரு வடிவம் இருக்கிறது. அதை அச்சிட்டு, பாஸ்ஃப்ரேஸை வேறொரு உறையில் வைத்து, இரண்டையும் வெவ்வேறு இடத்தில் பூட்டி வையுங்கள்.

பழையது நலமாக இருக்கிறதா?

ஒரு பேக்கப் சர்வரின் வாழ்நாளிலேயே ஆபத்தான இரவு, அதை இடம் மாற்றும் இரவுதான். நான்கைந்து வருடம் ஓடிய டிஸ்க்குகள். இத்தனை நாளும் புதிதாக வருவதை எழுதிக்கொண்டு மட்டும் இருந்தவை. இப்போது முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்டுவரை ஒரே மூச்சில் வாசிக்கச் சொல்கிறோம். மூன்று வருடமாக யாரும் தொடாத மூலையில் இருக்கும் கெட்ட செக்டார் (டிஸ்க்கின் ஒரு சிறு பகுதி) அப்போதுதான் தெரிய வரும்.

அதனால் நகலெடுக்கும் முன்பே ஒருமுறை முழுதாக வாசித்துப் பார்த்துவிடுவது நல்லது. இசட்எஃப்எஸ்ஸில் ஸ்க்ரப் ஓட்டினால் ஒவ்வொரு பிளாக்கையும் அதன் செக்சம்மோடு (சரிபார்ப்பு எண்ணோடு) ஒப்பிடும். மாற்றுப் பிரதி இருந்தால் தானே சரிசெய்துகொள்ளும். அது முடிந்ததும் போர்க்கின் சரிபார்ப்புக் கட்டளையைத் தரவையும் சரிபார்க்கும் தெரிவோடு ஓட்டுங்கள். பெரிய ரெப்போவுக்கு ஒரு நாள்கூட ஆகலாம், ஆகட்டும். டிஸ்க் தன் நலத்தைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில், கெட்டுப்போனதால் இடம் மாற்றப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை நேற்று 8, இன்று 40 என்று ஏறிக்கொண்டே போனால், ஸ்க்ரப்பை நிறுத்திவிட்டு மிக முக்கியமான ரெப்போவை உடனே நகலெடுக்கத் தொடங்குங்கள். சாகப்போகும் டிஸ்க்கின் மிச்ச உயிரைச் சோதனையில் செலவழிக்க வேண்டாம்.

எவ்வளவு நேரம் ஆகும்?

1 ஜிகாபிட் வலைப்பின்னலில் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 110 எம்பி போகும். 10 டிபி தரவுக்கு 25 மணி நேரம். அதையே 100 மெகாபிட் இணைப்பில் அனுப்பினால் பத்து நாளைத் தாண்டும். கோடிக்கணக்கில் சின்னச் சின்னக் கோப்புகள் இருந்தால் இந்தக் கணக்கும் பொய்த்துப்போகும், இன்னும் மெதுவாகும். "வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சு சனிக்கிழமை முடிச்சிடலாம்" என்று வாக்குக் கொடுக்கும் முன் இந்த வகுத்தலைப் போட்டுப் பாருங்கள். இரண்டு சர்வரும் ஒரே அறையில் இருந்தால் 10 ஜிகாபிட் கார்டு இரண்டு வாங்கி, ஒரு கேபிளால் நேராக இணைத்துவிடுவது நல்ல யோசனை.

புது சர்வரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு-இசட்2 அமைப்பு வையுங்கள். டிஸ்க்குகளை ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து வாங்காமல் கலந்து வாங்குங்கள். எஸ்எம்ஆர் வகை டிஸ்க் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதுவது) வேண்டாம். ஒன்று பழுதாகி மாற்றும்போது மீள்கட்டமைப்புக்கு நாள்கணக்கில் இழுக்கும். செக்டார் அளவுக்கான அமைப்பை முதல் நாளே 4 கேபிக்கு வைத்துவிடுங்கள், பிறகு மாற்ற முடியாது. பூல் (டிஸ்க்குகள் சேர்ந்த மொத்தச் சேமிப்பிடம்) 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் மெதுவாகும் என்பதால் இன்றைய அளவைப்போல இரு மடங்காவது இடம் இருக்கட்டும். இசட்எஃப்எஸ்ஸின் டீடூப் வசதியை (ஒரே தரவு திரும்ப வந்தால் ஒன்றை மட்டும் வைப்பது) தொடவே வேண்டாம். அந்த வேலையைப் போர்க் ஏற்கெனவே செய்துவிடுகிறது.

நகலெடுத்தல்

இரண்டு பக்கமும் இசட்எஃப்எஸ் என்றால் வேலை எளிது. ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் நிலையை உறைய வைத்த பிரதி) எடுத்து, செண்ட் கட்டளையால் அனுப்பி, மறுபக்கம் ரிசீவ் கட்டளையால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வாங்கும் பக்கத்தில் பாதியில் நின்றால் தொடரும் தெரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 18-ஆவது மணி நேரத்தில் இணைப்பு அறுந்தாலும், கிடைக்கும் டோக்கனை வைத்து விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். முதல் முழு நகல் ஓடும்போது கிளையண்டுகள் வழக்கம்போல பேக்கப் போட்டுக்கொண்டிருக்கட்டும். அடுத்த நாள் இன்னொரு ஸ்னாப்ஷாட் எடுத்து, இடைப்பட்ட மாற்றத்தை மட்டும் அனுப்புங்கள். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. கடைசி நாளில் போகவேண்டியது சில ஜிபிதான் இருக்கும். எதுவானாலும் டீமக்ஸுக்குள் (உங்கள் இணைப்பு போனாலும் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் திரை) ஓட்டுங்கள், லேப்டாப் தூங்கினால் நகலும் நின்றுவிடக் கூடாது.

பழைய சர்வரில் இசட்எஃப்எஸ் இல்லையென்றால் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி. இதில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

முதலாவது, ஹார்டு லிங்க் (டிஸ்க்கில் இருக்கும் ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்). ஆர்எஸ்னாப்ஷாட் போன்ற மென்பொருள்கள் மாறாத கோப்பைத் திரும்ப எழுதாமல் ஹார்டு லிங்க் மட்டும் போட்டு வைக்கும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இப்படி 17 ஸ்னாப்ஷாட்டுகள் மொத்தமாக 900 ஜிபி இடத்தில் இருந்தன. ஹார்டு லிங்க்கைக் காக்கும் தெரிவைச் சேர்க்காமல் ஆர்சிங்க்கை ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். அது பெரிய எழுத்து எச். வழக்கமாக எல்லாரும் போடும் சின்ன எழுத்து ஏ அதையும் சேர்த்தே செய்யும் என்று நம்பியிருந்தேன், செய்யாது. காலையில் வந்து பார்த்தால் 8 டிபி டிஸ்க் நிரம்பி, இடம் இல்லை என்று நின்றிருந்தது. ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் முழு நகலாக விரிந்துவிட்டது. பயனர் எண்களை அப்படியே வைத்திருக்கும் தெரிவையும் மறக்காதீர்கள்; இரண்டு சர்வரிலும் ஒரே பெயருக்கு வேறு வேறு எண் இருந்தால் உரிமைகள் குழம்பிவிடும்.

இரண்டாவது, எழுதிக்கொண்டிருக்கும் ரெப்போவை ஆர்சிங்க் எடுத்தால் பாதி பழசும் பாதி புதுசுமாக வரும். முதல் ஓட்டங்களில் பரவாயில்லை. கடைசி ஓட்டத்தில் மட்டும் ரெப்போவைப் பூட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பூட்டு இருக்கும்போதே இன்னொரு கட்டளையை ஓட்டித் தரும் வசதி போர்க்கிலேயே உண்டு.

மூன்றாவது, அழிக்கும் தெரிவு. மூலத்தில் இல்லாததை இலக்கில் அழித்துவிடும் அந்தத் தெரிவு கடைசி ஓட்டத்தில் தேவைப்படும். மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றிப் போட்டால் வெறுமையான புது சர்வர் பழைய சர்வரைத் துடைத்துவிடும். முதலில் எதையும் எழுதாத ஒத்திகை ஓட்டம் ஒன்றை ஓட்டி, அழிக்கப்போவதாகச் சொல்லும் பட்டியலைக் கண்ணால் படியுங்கள். அந்தக் கட்டளையை ஸ்கிரிப்ட்டாக எழுதி வைத்திருந்தால், அது ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்கிரிப்ட்டைத் திருத்தவே கூடாது. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர்கம்ப்யூட்டரில் நடந்தது இதுதான். பழைய லாக் கோப்புகளை அழிக்க வேண்டிய பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதுப் பதிப்பை எழுதினார்கள். ஷெல் ஸ்கிரிப்ட்டைத் துண்டு துண்டாக வாசித்துக்கொண்டே போகும். பாதியில் புதுப் பதிப்புக்குத் தாவியது, மாறிகளில் மதிப்பு இல்லை, அழிக்கும் கட்டளை வேறு எதையோ அழித்தது. 77 டிபி தரவு, சுமார் 3.4 கோடி கோப்புகள் போயின. நான்கு ஆய்வுக் குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை.

மாற்றும் நாள்

கிளையண்டுகள் ஐபி எண்ணை வைத்து வருகின்றனவா, பெயரை வைத்து வருகின்றனவா என்று பாருங்கள். ஐபி என்றால் இந்தச் சாக்கில் எல்லாவற்றையும் பெயருக்கு மாற்றிவிடுங்கள். அந்தப் பெயரின் டிடிஎல் அளவை (முகவரியை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பதை) ஒரு நாள் முன்பே 300 நொடிக்குக் குறைத்துவிடுங்கள். அப்போதுதான் மாற்றிய ஐந்து நிமிடத்தில் எல்லா இயந்திரமும் புது முகவரிக்கு வரும்.

அன்று இரவு கிளையண்டுகளின் கிரானை நிறுத்தி, கடைசி மாற்றத்தை அனுப்பி, பழைய சர்வரில் அந்த அடைவை வாசிக்க மட்டும் என்று ஆக்கிவிட்டு, பெயரைப் புது சர்வருக்குத் திருப்புங்கள். இந்த இடத்தில் புதியவர்கள் தடுக்கி விழும் மூன்று கல் இருக்கிறது.

சர்வரை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவி மாறியிருந்தால் ஒவ்வொரு கிளையண்டும் இது வேறு இயந்திரம் என்று மறுத்துவிடும். பழைய சர்வரின் ஹோஸ்ட் சாவிகளையே புதியதில் வைக்கலாம், அல்லது எல்லாக் கிளையண்டிலும் புதுச் சாவியைப் பதியலாம். அடுத்து, ரெப்போவின் முகவரி மாறியிருந்தால் போர்க் "இது முன்பு வேறு இடத்தில் இருந்ததே, அணுகலாமா?" என்று கேட்கும். நீங்கள் திரை முன்னால் இருந்தால் ஆம் என்று சொல்வீர்கள். கிரானில் ஓடும்போது பதில் சொல்ல ஆள் கிடையாது. வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு வெளியேறிவிடும். ஒவ்வொரு கிளையண்டிலும் ஒருமுறை கையால் ஓட்டி ஆம் சொல்லிவிட்டு வாருங்கள். மூன்றாவது, கிளையண்டின் எஸ்எஸ்எச் சாவியை இந்தப் பாதைக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தி வைத்திருப்பீர்கள். புது சர்வரில் பாதை மாறியிருந்தால் அந்த வரியையும் மாற்ற வேண்டும்.

ரெஸ்டோர்

இப்போது ஒரு காலி இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் மிக முக்கியமான சர்வரைப் புது பேக்கப்பிலிருந்து அதில் முழுதாக மீட்டெடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறியுங்கள். தரவுத்தளம் எழுந்து நிற்கிறதா, நேற்றைய பதிவுகள் இருக்கின்றனவா என்று அதைப் பயன்படுத்தும் ஆளையே கூப்பிட்டுக் காட்டுங்கள். முடிந்தால் நீங்கள் செய்யாமல், நீங்கள் எழுதிவைத்த குறிப்பை மட்டும் வைத்துச் சக ஊழியர் ஒருவரைச் செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்று உங்களைக் கேட்கிறாரோ அங்கே குறிப்பில் ஓட்டை இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைப் படித்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். இரண்டாம் தரவுத்தள சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார் ஒரு பொறியாளர். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. பேக்கப்பைத் தேடினால், தினசரி டம்ப் (தரவுத்தளத்தின் முழு நகல்) எடுக்கும் கருவி போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 9.2 பதிப்பு, தரவுத்தளமோ 9.6, அதனால் பேக்கப் ஒவ்வொரு முறையும் தோற்றிருந்தது. தோற்றதாக வந்த மின்னஞ்சல்களையும் அஞ்சல் சர்வர் நிராகரித்துவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. சோதனை அமைப்புக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. அதை உற்பத்திச் சூழலுக்கு நகலெடுக்க மட்டும் சுமார் 18 மணி நேரம் ஆனது, காரணம் அது இருந்த டிஸ்க் மெதுவானது. நடந்ததை எல்லாம் அவர்களே ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அதற்காக அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆர்டிஓ எவ்வளவு என்று ஆரம்பத்தில் கேட்டு எழுதினீர்களே, அதை எடுத்து ரெஸ்டோருக்கு ஆன நேரத்தின் பக்கத்தில் வையுங்கள். நான்கு மணி நேரத்தில் வேண்டும் என்றவருக்கு ரெஸ்டோர் மட்டுமே பதினொரு மணி நேரம் ஆகிறது என்றால், அதை இன்றே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒரு சர்வர் போதுமா?

ஹை அவெய்லபிலிட்டி (சேவை நிற்காமல் கிடைப்பது) என்றதும் பலருக்கு இரண்டு சர்வர், நடுவில் மிதக்கும் ஐபி, ஒன்று விழுந்தால் மற்றது தானாக எழுவது என்ற படம்தான் மனதில் வரும். இணையதளத்துக்கு அது சரி. ஆண்டுக்கு 99.9 சதவீதம் கிடைக்க வேண்டும் என்றால் வருடத்தில் சுமார் 8 மணி 45 நிமிடம் மட்டுமே விழலாம் என்று கணக்குப் போடுவார்கள். பேக்கப் சர்வர் பகலில் ஆறு மணி நேரம் விழுந்து கிடந்தால் யாருக்கும் தெரியாது. ஒரு ரெஸ்டோர் தேவைப்படும் இரவில் ஒரு மணி நேரம் விழுந்தால் அலுவலகமே நிற்கும். ஆகவே பேக்கப்புக்கு நீங்கள் திட்டமிட வேண்டியது எழுதும் வழி அறாமல் இருப்பதை விட, மீட்டெடுக்கும் வழி ஒன்றாவது எப்போதும் திறந்திருப்பதைத்தான்.

இரண்டு இயந்திரம் மட்டும் உள்ள தானியங்கி கிளஸ்டரை (ஒன்றாக இயங்கும் சர்வர் கூட்டத்தை) புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. நடுவில் உள்ள கேபிள் அறுந்தால் இரண்டும் "நான்தான் முதன்மை" என்று எழுதத் தொடங்கிவிடும். தீர்ப்புச் சொல்ல மூன்றாவது வாக்கு ஒன்று வேண்டும். போர்க் 1 வரிசையில் இன்னும் பெரிய சிக்கல் உண்டு. ரெப்போவின் நகலுக்கும் மூலத்துக்கும் ஒரே அடையாள எண், ஒரே சாவி. இரண்டிலும் மாறி மாறி எழுதினால் மறையாக்கத்தில் ஒருமுறை மட்டும் வர வேண்டிய எண்ணி (கவுன்டர்) திரும்ப வந்து பாதுகாப்பே உடையும். நகல் கொஞ்சம் பழையதாக இருந்தால், தன்னிடம் உள்ள விவரம் ரெப்போவை விடப் புதியதாக இருக்கிறது, இது தாக்குதலாக இருக்கலாம் என்று சொல்லி கிளையண்ட் வேலையை நிறுத்திவிடும். நள்ளிரவில் அந்தச் செய்தியைப் பார்த்து மிரண்டவர்கள் நிறையப் பேர்.

நான் சொல்வது இரண்டு தனி ரெப்போக்கள். ஒவ்வொரு கிளையண்டும் இரவு 1 மணிக்கு முதல் சர்வருக்கும் 4 மணிக்கு இரண்டாவது சர்வருக்கும் தனித்தனியாகப் பேக்கப் போடட்டும். ரெப்போவும் வேறு, சாவியும் வேறு. ஒன்றில் வந்த சிதைவு மற்றதுக்குத் தாவாது, ஃபெயில்ஓவர் (ஒன்று விழுந்தால் மற்றது பொறுப்பேற்பது) என்ற பேச்சே இல்லை. கிளையண்டுக்கு இரட்டை வேலை தாங்காது என்றால் இரண்டாவது சர்வர் முதல் சர்வரிலிருந்து இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டுகளை இழுத்துக்கொள்ளட்டும். முதல் சர்வர் தள்ளக் கூடாது. முதல் சர்வரைக் கைப்பற்றியவன் கையில் இரண்டாவதற்கான கடவுச்சொல் சிக்கக் கூடாது என்பதுதான் காரணம். இரண்டாவது சர்வரில் ஸ்னாப்ஷாட்டுகளை எத்தனை நாள் வைப்பது என்பதையும் அதுவே முடிவு செய்யட்டும். முதலாவதில் அழிந்தது இங்கும் உடனே அழிந்தால் அது வெறும் பிரதிபலிப்பு, பேக்கப் இல்லை.

இரண்டாவதை எங்கே வைப்பது? அடுத்த ரேக்கில் வைத்தால் டிஸ்க் பழுதுக்கு உதவும், தீக்கு உதவாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் என்ற தரவு மைய நிறுவனத்தின் எஸ்பிஜி2 கட்டடம் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோனில் அரசுத் தரவு மையம் எரிந்தது. அரசு ஊழியர்களின் ஜி-டிரைவ் சேமிப்பில் இருந்த 858 டிபி தரவுக்கு வெளியில் நகலே இல்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரே ஊரில் இரண்டு இடம் என்பது எவ்வளவு குறைவான பாதுகாப்பு என்று தெரியும். அலுவலகத்துக்கு வேறு ஊரில் கிளை இருந்தால் அங்கே வையுங்கள்.

கண்காணிப்பில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். பேக்கப் தோற்றால் மின்னஞ்சல் வரும்படி வைக்காதீர்கள், அந்த மின்னஞ்சலே வராமல் போகலாம். மூன்றாவது இயந்திரம் ஒன்று காலை 8 மணிக்கு இரண்டு சர்வரையும் கேட்டு, ஒவ்வொரு கிளையண்டின் கடைசி பேக்கப்புக்கு எத்தனை மணி நேரம் வயது என்று பார்க்கட்டும். 26 மணி நேரத்தைத் தாண்டினால் சத்தம் போடட்டும்.

பழையதை என்ன செய்வது?

உடனே துடைக்காதீர்கள். ஒரு முழு மாதச் சுழற்சி முடியும்வரை வாசிக்க மட்டும் என்ற நிலையில் ஓடட்டும். அப்புறம் மின்சாரத்தை மட்டும் நிறுத்தி ஒரு வாரம் காத்திருங்கள். பட்டியலில் விட்டுப்போன கிளையண்ட் ஏதாவது இருந்தால் அந்த வாரத்தில் அதன் கிரான் தோற்று, யாராவது வந்து கேட்பார்கள். கேட்டால் அந்தக் கிளையண்டையும் புது சர்வருக்கு மாற்றி, அதற்கும் ஒரு ரெஸ்டோர் செய்து பாருங்கள். யாரும் கேட்கவில்லையென்றால் டிஸ்க்குகளைக் கழற்றி, எந்த பூல், எந்த இடம், எந்தத் தேதியில் கழற்றியது என்று ஒவ்வொன்றின் மேலும் ஒட்டி, பூட்டிய பீரோவில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து இரண்டாவது ரெஸ்டோர் ஒத்திகையும் நன்றாக முடிந்த பிறகு அவற்றைத் துடைத்துக்கொள்ளலாம்.